ஏழாம் எண் சுற்றிப் போன வழி

ஜெயசிங்கின் கம்ப்யூட்டருக்குள் சங்கரன்கோவில்காரர்கள் ஆயிரம் பேரும் ஊர் நடுவில் போய்க் குவிந்துவிட்டார்கள்.

மக்கள் நடமாடும்போது செல்போன் சிக்னல் அறுபடாமல் இருக்க டவரை எங்கே வைக்கலாம் என்பது அவனுடைய ஆராய்ச்சி. "மனசுக்குத் தோன்றிய இடத்துக்குப் போ, கொஞ்சம் நில், மறுபடி போ" என்று அந்தப் பொம்மை மனிதர்களுக்கு விதி எழுதியிருந்தான். கூட்டத்தைக் கலைக்க, வேகத்தையும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டான். நடை தளர்ந்து தளர்ந்து ஊரே அசையாமல் நின்றது.

"மனுஷன் காரணமில்லாம நடக்க மாட்டான் வே," என்றார் போனில், அவன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர். "நெசமான ஆளுக போற தடத்தைக் கொண்டாரும்."

போகிற தடத்தைப் பதிந்து ராத்திரி அவன் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பழைய போன்களை, சம்மதித்த பத்துப் பேரிடம் பத்து நாளைக்குக் கொடுத்தான்.

விசைத்தறி இசக்கித்துரையின் போன் ஒரே புள்ளியில் நின்றது. "தறிய விட்டுட்டு எங்கன போவச் சொல்லுத?" என்றார் அவர். கண்டக்டர் சலாவுதீனின் போன் தினமும் எட்டு தடவை வாசுதேவநல்லூர் போய் வந்தது. சராசரி பார்த்தால், ஊர்க்காரர்கள் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் நடந்தார்கள்.

ஏழாம் எண் போன், மருந்துக்கடை எப்சிபாவுடையது. இரண்டு வருஷமாகத் தலைவலி இல்லாமலே அவளிடம் தலைவலி மாத்திரை வாங்குகிறவன் ஜெயசிங். போனைக் கொடுத்தபோது, "மேசையில வச்சுட்டுப் போங்க," என்றாள். பக்கத்தில் பில் போடும் பொன்செல்வி தலை நிமிரவில்லை.

ஏழாம் எண் சாயங்காலம் கடையிலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஜெயசிங்கின் தெரு வழியாகச் சுற்றி, அவன் வீட்டு எதிரே நான்கு நிமிஷம் நின்று, பிறகு போனது. ஒன்பது நாளும் அப்படியே.

அந்த நேரமெல்லாம் அவன் உள்ளே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். வெகுநேரம் திரையில் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பேராசிரியருக்கு அனுப்ப மனம் வரவில்லை.

பத்தாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு கடைக்குப் போனான்.

"எப்சிபா, நீங்க நடந்த வழியப் பார்த்தேன். எனக்கும் அதே நெனப்புதான்."

"எந்த வழி?" என்றாள் எப்சிபா. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

பொன்செல்வி தன் கைப்பையிலிருந்து ஏழாம் எண் போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அக்கா இந்தப் போன் வேண்டாம்னுட்டாவ சார். இத்தனை நாளும் நான்தான் கொண்டு போனேன்."