மூன்றாம் பாட்டில் இறங்கும் சுருதி பற்றி டோரீன் சித்திக்கு

வுல்லங்காங்,
பிப்ரவரி 1982

மதிப்புக்குரிய டோரீன் சித்திக்கு,

பெர்னடெட் எழுதுகிறேன். உங்கள் முழங்காலும் சித்தப்பாவின் தக்காளிச் செடிகளும் இந்த வெயிலைத் தாங்கிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம். நானும் சுகம்தானா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள்.

போன வாரம் அடிலெய்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "மூணாவது பாட்டுல சுருதி இறங்குதே, கெட்டுப்போனது வாத்தியமா, நீயா?" என்று கேட்டீர்கள். "இங்க மழை பெய்யுது சித்தி" என்றேன். மழை பெய்யவில்லை. நான் சொல்லாமல் விட்டது வேறு. அந்தச் சுருதி இறங்கத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கிளைவ் சிட்னியிலிருந்து உங்களிடம் பேசியிருக்கிறார் என்பது உங்கள் குரலிலேயே தெரிந்துவிட்டது என்று சொல்லவில்லை. என் வாசிப்பை அழித்துவிட்டு வேறொருவரை வைத்து வாசிக்கச் சொல்லும் அவருடைய தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆறு வயதில் உங்கள் பியானோ முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்து உங்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை; அதனால் வாய் மழையைப் பற்றிப் பேசிவிட்டது. கையில் பேனா இருந்தால் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வரும். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர் என்பது உங்களுக்குத் தெரியும். பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் ரஸ்ஸல். பகலில் வீடுகளுக்குச் சாயம் அடிக்கிறான். டிரம்ஸ் ஸ்லாவ்கோ, எஃகு ஆலையில் ஷிஃப்டு வேலை. நான் நூலகத்தில் அலமாரிகளுக்குப் பின்னால் நிற்பவள். பத்திரிகைகள் எங்களைப் 'புது அலை' என்கின்றன. எங்களிடம் இருந்த ஒரே புதுப் பொருள் ரஸ்ஸலின் கழுத்துப்பட்டை. என் சிந்தசைசர் ஸ்லாவ்கோவின் அத்தை மகன் மாசிடோனியக் கல்யாணங்களில் வருடக்கணக்கில் வாசித்துக் களைத்த பெட்டி. உள்ளே பிளம் பிராந்தி சிந்தியிருப்பதால் வெயில் நாளில் லேசாக மணக்கும். ஸ்டூடியோ எடுக்க வழியில்லாததால் ரஸ்ஸலின் மாமா உறுப்பினராக இருக்கும் பந்துருட்டுக் கிளப்பின் பின்கூடத்தைக் கேட்டோம். புதன்கிழமை பெண்கள் எல்லோரும் வெள்ளை உடையில் புல்தரையில் பந்து உருட்டப் போய்விடுவதால் கூடம் காலியாக இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்குப் பதிலாக வெள்ளி மாலை, இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கும்போது நாங்கள் வாசிக்க வேண்டும். எங்கள் பாட்டுகளை உலகத்தில் முதலில் கேட்டவர்கள் ஆட்டுத்தொடை விழுமா விழாதா என்று சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் பாட்டைப் பதிவுசெய்த முதல் புதன்கிழமையே சண்டை வந்தது. பாட்டின் நடுவில் ஒரு நீண்ட சுரத்தை நான் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் மேல் ரஸ்ஸல் பாடுவான்.

"பெர்ன், நீ இறங்குற" என்றான்.

"நான் இறங்கல. நீதான் இறங்குற."

"நீ இறங்குனதாலதான நானும் இறங்குறேன்."

ஸ்லாவ்கோ குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே, "ரெண்டு பேரும் சேர்ந்துதான இறங்குறீங்க, அப்புறம் என்னடா சண்டை?" என்றான். அவனுக்குச் சுருதிக் கவலை இல்லை, டிரம்ஸ்காரர்கள் நிம்மதியானவர்கள். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன், மூடினேன், சரிசெய்தேன். சரியாக இருந்தது. மறுபடி வாசித்தேன், அதே இடத்தில் மெல்ல, யாரோ நாற்காலியில் உட்கார்வதுபோல இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றது. இப்படியே சில புதன்கிழமைகள் போயின. ஒருநாள் பாதிப் பாட்டில் கதவைத் திறந்துகொண்டு மிஸஸ் டூலன் வந்தார். கிளப்பின் பெண்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவி.

"கண்ணு, அந்தப் பெட்டிய கொஞ்சம் நிறுத்தி வைக்கிறியா? நீ அத போட்டாலே எங்க அண்டாவுல தண்ணி கொதிக்க ரொம்ப நேரமாகுது. அங்க பொம்பளைங்க எல்லாம் கப்ப கையில வச்சுக்கிட்டு நிக்குறாங்க."

அப்போதுதான் புரிந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் ஒரே மின்கம்பி. அவர் தேநீருக்காக மின்சார அண்டாவைப் போட்டதும் என் பெட்டிக்குக் கரண்ட் குறைந்து சுருதி இறங்கும்; தண்ணீர் கொதித்து அண்டா அணைந்ததும் ஏறிக்கொள்ளும். நாங்கள் இத்தனை நாளும் தேநீர் இடைவேளையைப் பதிவுசெய்துகொண்டிருந்தோம். அவர்களோ இத்தனை நாளும் தேநீருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் மற்றவரைத் திட்டாமல் பொறுத்திருந்தது வுல்லங்காங்கின் நல்ல குணம்.

"ஒண்ணு டீ, இல்லன்னா பாட்டு" என்றார் மிஸஸ் டூலன்.

தேநீருக்கு வழிவிட்டோம். அது முடிந்து, கரண்ட் முழுசாக வந்தபின் மூன்றாம் பாட்டை வாசித்தோம். சுருதி ஆடாமல் நின்றது. நீங்கள் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாட்டு, வங்கியில் வரிசையில் நிற்கும்போது பின்னால் ஒலிக்கும் ஒன்றைப்போல ஆகிவிட்டிருந்தது. கடைசியில் ஸ்லாவ்கோதான் சொன்னான்: "சரியாத்தான் இருக்கு. ஆனா செத்துக் கிடக்கு." நான் எழுந்துபோய் சமையலறைக் கதவைத் தட்டி, நாளைக்கு என்ன நடக்கும் என்று யோசிக்காமல், "மிஸஸ் டூலன், இன்னொரு தடவ அண்டாவ போடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பதான குடிச்சு முடிச்சோம்?" என்றார். பிறகு போட்டார்.

சித்தி, இந்த இடத்தைக் கவனியுங்கள். அதுவரை நடந்தது விபத்து. அந்த நிமிடத்திலிருந்து நடந்தது என் தீர்மானம். அடுத்த புதன்கிழமைகளில் ரஸ்ஸல் கையைத் தூக்குவான், கதவருகில் நிற்கும் மிஸஸ் டூலன் சுவிட்சைப் போடுவார், நான் சுரத்தைப் பிடிப்பேன். சரியாக அமையவில்லை என்றால் மறுபடி அண்டா, மறுபடி பாட்டு. கொதித்த தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது மிஸஸ் டூலனின் கொள்கை. அந்தப் பருவத்தில் எங்கள் கிளப் பெண்கள் ஒரு போட்டியிலும் ஜெயிக்கவில்லை. பாதி ஆட்டத்தில் எல்லோரும் கழிப்பறைக்கு ஓடினார்கள் என்று பக்கத்துக் கிளப் இன்றைக்கும் பேசுகிறது. மிஸஸ் டூலன் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "கலைன்னா கொஞ்சம் அவசரமாத்தான் இருக்கும்" என்றார்.

நாங்களே காசு சேர்த்துப் போட்ட இசைத்தட்டு வெளிவந்தது. வந்த வேகத்தில் திரும்பியும் வந்தது. வாங்கியவர்கள் கோணல் தட்டு என்று கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய தட்டிலும் அதே இடத்தில் இறங்கவே, தங்கள் இசைத்தட்டுப் பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். கிரௌன் தெருக் கடைக்காரர் கண்ணாடியில் எழுதி ஒட்டினார்: 'அது அப்படித்தான். திரும்பக் கொண்டுவராதீர்கள்.' அதைப் படித்துவிட்டு வாங்கியவர்கள்தான் அதிகம். பிறகு சிட்னி வானொலி ஒன்று மூன்றாம் பாட்டை ஒலிபரப்பியது. ஒலிபரப்புக் கருவி பழுது என்று நேயர்கள் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல, அறிவிப்பாளருக்கு அது பிடித்துப்போய்த் தினமும் போட ஆரம்பித்தார். ஒரு பத்திரிகை விமர்சகர், ஆலைகளில் ஆட்குறைப்பைச் சந்திக்கும் ஒரு நகரத்தின் மனச்சோர்வே அந்த இறங்கும் சுரம் என்று எழுதினார். ஸ்லாவ்கோ அதை ஆலையில் படித்துக் காட்டினானாம். "அப்போ திரும்ப ஏறுதே, அது என்ன, ஓவர்டைமா?" என்று கேட்டார்களாம். இன்னொருவர், விசைப்பலகைப் பெண்ணுக்கு யாராவது ஒரு சுருதிப்பெட்டி வாங்கித் தர வேண்டும் என்று எழுதினார். அதை உங்களுக்கு யாரோ கத்தரித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள்.

ஆனால் சிட்னியில் ஒரு மதுக்கூடத்தில் நாங்கள் வாசித்த மாலையை யாரும் எழுதவில்லை, நான் சொல்கிறேன். அங்கே கரண்ட் ஒழுங்காக வந்தது. அண்டா இல்லை. மூன்றாம் பாட்டில் நான் சுரத்தைப் பிடித்தேன், அது அசையாமல் நின்றது. கீழே இருந்த அத்தனை பேரும் ஒரே குரலாகப் பாடிக்கொண்டே இறங்கினார்கள். ரஸ்ஸலும் அவர்களோடு இறங்கிவிட்டான். மேலே சரியான சுருதியில் நின்றது நான் ஒருத்திதான். அந்தக் கூடத்தில் சுருதி தப்பியவள் நான். "ஏம்மா, இறங்கி வாம்மா" என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சுருதித் திருகை இடது கையால் மெல்லத் திருப்பி அவர்கள் இருந்த இடத்துக்கு இறங்கினேன். அண்டா அணையும் நேரத்தை மனதில் வைத்து ஏற்றினேன். அன்றிலிருந்து அதைக் கையாலேயே செய்கிறேன். எவ்வளவு வேகம், எங்கே தயக்கம், எங்கே கொதி என்பது என் விரலுக்குத் தெரியும். நீங்கள் கற்றுக்கொடுத்த எதையும் இவ்வளவு கவனமாக நான் பயிற்சி செய்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலைதான் கிளைவ் எங்களைப் பிடித்தார். தட்டை இங்கிலாந்தில் வெளியிடலாம், ஆனால் "அந்தக் கோளாற மட்டும் சரி பண்ணிடலாம்மா" என்றார். அவருடைய ஸ்டூடியோவில் நெவில் என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பாட்டுகளுக்கெல்லாம் அவர்தான் வாசிப்பவர், நல்ல மனிதர், எனக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். அவர் வாசித்தது கண்ணாடிபோல இருந்தது. ஆனால் இறங்கும் சுரம் வேண்டும் என்று ரஸ்ஸல் கேட்டபோது நெவில் என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு இறங்கணும்மா?"

"முப்பது பேருக்கு டீ போடுற அளவு."

அவர் முயன்றார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதுபோல இருந்தது. "எனக்கு இது வராதும்மா. வந்துட்டா அப்புறம் என் பொழப்பு போயிடும்" என்று அவரே எழுந்துவிட்டார். கிளைவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "இறங்கவே வேணாம். இங்கிலாந்துல கேக்குறவன் ரேடியோ ரிப்பேர்னு நினைப்பான். நேரா வாசிச்சதையே போட்டுடலாம்" என்று ஒரு தாளை நீட்டினார். எங்கள் குழுவின் பெயரில் இன்னொருவர் வாசிப்பதற்கு மூன்று பேரும் சம்மதம் என்று அதில் இருந்தது. ஸ்லாவ்கோ ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று படிக்காமல் போட்டான். ரஸ்ஸல் படித்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் போட்டான். "உன் இஷ்டம் பெர்ன். ஆனா இங்கிலாந்து..." என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஏணிமேல் நின்று அடுத்தவர் வீட்டுச் சுவருக்குச் சாயம் அடிப்பவனுக்கு இங்கிலாந்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

கிளைவ் அதற்குப் பிறகுதான் உங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். இவள் சித்தி சொன்னால் கேட்பாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாகக் கேட்பேன். இந்த முறை இல்லை. தப்பாக வாசித்தால் தப்புதான் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். தெரிந்தே, விரும்பியே, கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடும்படி வாசித்தால் அது என்ன என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதை எடுத்து அடுக்குகிறவள். கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை. தட்டின் அட்டையில்கூட ரஸ்ஸலின் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். நான் சத்தமாகச் சொன்னது அந்த ஒரு சுரம். அதைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் ஒழுங்கான ஒன்றை வைக்க என் கையெழுத்து வேண்டுமென்றால், கிடைக்காது. என் பெட்டி இல்லாமல் அந்தத் தட்டே இல்லை. கிளைவ் மறுபடி உங்களைக் கூப்பிட்டால் இதை இப்படியே வாசித்துக் காட்டுங்கள். காதில் விழாததுபோல அவர் நடித்தால் இரண்டாம் முறையும் வாசியுங்கள்.

சித்தப்பாவுக்கு என் அன்பு. உங்கள் காது இன்னும் பல காலம் இதே கூர்மையோடு இருக்கட்டும். எங்கள் மூன்றாம் பாட்டு ஓடும்போது மட்டும் கொஞ்சம் தூங்கட்டும். உங்களிடம் படித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும், நான் உட்பட.

பணிவு குறையாத, ஆனால் இணங்காத,
பெர்னடெட்

பி.கு.: இதை எழுதி முடித்து, உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு, தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இப்போது ஜூன் மாதம். நான் கையெழுத்துப் போடவில்லை. அதனால் கிளைவ் நெவில் வாசித்ததையும் நீக்கிவிட்டார், நான் வாசித்ததையும் நீக்கிவிட்டார். எந்த விசைப்பலகையும் இல்லாமல் தட்டை அனுப்பிவிட்டார். ரஸ்ஸலின் குரலை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றாம் பாட்டில் அவன் தனியாக, ஒரு காரணமும் இல்லாமல் இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து ஏறுகிறான். என் பெட்டி இல்லாமல் அந்தத் தட்டே இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். இங்கிலாந்தில் அது மே மாதம் வெளிவந்தது. நன்றாக விற்கிறது.