பருப்பால் காப்பாற்றப்பட்ட காடு

உலகத்தின் காடுகளுக்கு இனி ஆபத்தில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், லண்டன் மாநகரின் நடுவே, கம்பளம் விரித்த நாலாம் மாடி மண்டபமொன்றில் அவை நிரந்தரமாகக் காப்பாற்றப்பட்டுவிட்டன. அந்தச் சரித்திர நிகழ்வில் நானும் இருந்தேன். எனக்கு வயது பதினைந்து. அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. இதை வேறு ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

மாநாட்டின் பெயர் 'காடும் அதன் மக்களும்: ஒரு சர்வதேசக் கலந்தாய்வு'. நிபுணர்கள் எல்லாக் கண்டங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். காட்டிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. அழைக்காமல் இல்லை. ஐந்து பேரை மிகுந்த மரியாதையோடு அழைத்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் விசா மறுக்கப்பட்டது. லண்டனைக் கண்டுவிட்டால் திரும்பித் தங்கள் காட்டுக்குப் போகமாட்டார்கள் என்று சந்தேகமாம்.

ஆனால் நிகழ்ச்சி நிரலில் வெள்ளிக்கிழமை பின்னேரம் 'மக்களின் குரல்' என்று அச்சடித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் தேநீர். குரல் வராவிட்டால் தேநீரும் வராது. நிலைமை அவ்வளவு பாரதூரமானது.

அந்த நெருக்கடியில் உலகத்துக்குக் கைகொடுத்தவர் ஹரோவைச் சேர்ந்த தியாகராஜா அங்கிள். மாநாட்டுக்குக் கணக்குப் பார்ப்பவர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைவர், பொதுவாக எதற்கும் தலைவர். அவர் நேரே ஹவுன்ஸ்லோவில் நானும் அம்மாவும் இருந்த அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார வேறு இடமில்லை.

"மெற்றில்டா தங்கச்சி, உமக்கு அதிஷ்டம். நீர் இனிக் காட்டுச் சனத்தின்ர பிரதிநிதி," என்றார் அம்மாவிடம்.

"எனக்கென்னண்ணை காட்டைப் பற்றித் தெரியும்? நான் மன்னார் ரவுண் ஆள். வீட்டில கரண்ட், ஃபான் எல்லாம் இருந்தது."

"மடுக் காட்டுக்குள்ள இருந்தனீரெல்லே?"

"அது சண்டைக்குப் பயந்து ஓடிப்போய் இருந்தது. தறப்பாள் சீலைக்குக் கீழ எட்டு மாசம்."

"எட்டு மாசம்! அங்க வந்திருக்கிற ஒருத்தரும் காட்டில எட்டு நாள் இருந்ததில்லை. நீர் பங்குதாரர், தங்கச்சி."

"என்ன பங்கு தருவினம்?"

அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "உம்மட அகதி வழக்கு அப்பீலுக்கு நிக்குது. பெரிய பெரிய டொக்டர்மார் கையெழுத்து வைச்சு ஒரு கடிதம் தருவினம். வழக்கு வெண்ட மாதிரித்தான். பிள்ளை, கொம்மா சொல்லுறதை நீ இங்கிலிசில சொல்லு, சரியோ?"

அம்மா என்னைப் பார்த்தார். வழக்குத் தோற்றால் எங்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டிலைத் தவிர எங்களுக்கு இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நாங்கள் ஓமென்றோம்.

வெள்ளிக்கிழமை அம்மா ஞாயிறு பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு நாலாம் மாடிக்கு வந்தார். அதே மாடியைத்தான் அவர் தினமும் கூட்டித் துப்புரவாக்குகிறார். இருந்தும் ஒருவரும் அவரை அடையாளம் காணவில்லை. கையில் தும்புத்தடி இல்லாததால் இருக்கலாம்.

கலந்தாய்வை நடத்திய டொக்டர் ஹென்ஷோ மிக நல்ல பெண்மணி. செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். நிபுணர்களும் முழங்கால் முறிய முறிய உட்கார்ந்தார்கள். நடுவில் வெள்ளைத் துணி. அருகே தட்டங்களில் மைசூர்ப் பருப்பு, பயறு, கடலை, மிளகாய்த்தூள். இவற்றால் மக்கள் கையாலேயே அவர்களின் காட்டை வரையவைப்பதுதான் இப்போதைய அதிநவீன முறை.

"உங்கள் காட்டை எங்களுக்குக் காட்டுங்கள்," என்றார் டொக்டர். நான் தமிழில் சொன்னேன்.

"சாப்பாட்டுச் சாமானை நிலத்தில கொட்டுறதோ?" என்று அம்மா முணுமுணுத்தார். பிறகு பருப்புத் தட்டத்தை மடியில் வைத்து, பழக்கதோஷத்தில், கல்லுப் பொறுக்கத் தொடங்கினார்.

பேனாக்கள் பறந்தன. 'விதையைத் தூய்மை செய்யும் சடங்கு' என்று பக்கத்திலிருந்தவர் எழுதியதை என் கண்ணால் கண்டேன்.

கல்லுப் பொறுக்கி முடிந்ததும் அம்மா வரைந்தார். பயறுதான் பாலை மரங்கள். பருப்புத்தான் தறப்பாள் கொட்டில்கள். பிறகு நடுவில் பயறை வழித்தெடுத்து ஓரிடத்தை வெறுமையாக்கினார்.

"இங்கே மரங்கள் எங்கே?"

"நாங்கள் ஒளிக்கிற பங்கர்க் குழிக்கு மேல போட வெட்டினது," என்றார் அம்மா. நான் சொன்னேன்.

"தேவைக்கு மட்டுமே வெட்டும் கட்டுப்பாடு!" என்றார் டொக்டர்.

அம்மா மிளகாய்த்தூளை அங்குமிங்கும் தூவினார்.

"இது ஷெல் விழுந்து எரிஞ்ச இடமெல்லாம்."

அதையும் அப்படியே சொன்னேன். பீரங்கிக் குண்டு என்று விளக்கியும் சொன்னேன்.

"தீயோடு வாழும் பாரம்பரிய அறிவு," என்று ஒரு தாடிக்காரர் தலையசைத்தார்.

கடைசியாக அம்மா ஒரேயொரு கடலையை எடுத்தார். துணியின் ஓரத்தில், பயறு அடர்ந்த இடத்தில், அதை வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தார்.

"அது என்ன?"

எனக்குத் தெரியும். அம்மா சொல்ல முதலே நான் சொன்னேன். "அது அப்பா. விறகு எடுக்கப் போனவர்."

தாடிக்காரர் எழுதினார்: 'ஆண்கள் மட்டும் செல்லும் புனித இடம்.'

டொக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டார். "உங்கள் காட்டுக்குத் திரும்பிப் போக விரும்புகிறீர்களா?"

தியாகராஜா அங்கிள் பின்னாலிருந்து, "ஓமெண்டு சொல்லுங்கோ, ஓமெண்டு சொல்லுங்கோ," என்று கிசுகிசுத்தார்.

"விசரோ இந்த மனிசிக்கு?" என்றார் அம்மா. "செத்தாலும் அந்தக் காட்டுக்குள்ள இனிக் கால் வையன் எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலிசிலேயே மிகத் தெளிவான இங்கிலிசில் சொன்னேன். டொக்டர் கவனமாகக் கேட்டார். ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. பிறகு அன்போடு என் கையைப் பிடித்தார்.

"மிக முக்கியமான கருத்து. ஆனால் மாநாட்டின் தீர்மானம் போன கிழமையே அச்சுக்குப் போய்விட்டது. இருந்தாலும் மக்களைக் கேட்பது எங்கள் கொள்கை."

எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர் வந்தது. கடிதம் வரவில்லை. எல்லோரும் போன பிறகு, அம்மாவின் ஷிப்ட் தொடங்கியது. அவர் சேலையின் மேல் நீல ஓவரோலை மாட்டிக்கொண்டு தன் காட்டை வக்கியூமால் உறிஞ்சினார். கடலையை மட்டும் முதலே எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

போன கிழமை அங்கிள் போன் எடுத்தார். "பிள்ளை, மாநாட்டுப் புத்தகம் வந்திட்டுது! கொம்மாவின்ர படம் அட்டையில! கலர்ப் படம்!"

"கடிதம், அங்கிள்?"

"அட்டையில படம் வந்திருக்கு எண்டுறன், நீ கடிதத்தைக் கேக்கிறாய்!"

புத்தகத்தை எங்கள் வக்கீலும் கண்டுவிட்டார். அரசாங்கத் தரப்பு அவருக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தது, வழக்கில் தங்கள் சான்றாக. அட்டையில் அம்மா, பருப்பு, மிளகாய்த்தூள். கீழே: 'தன் காட்டோடு அமைதியாக வாழும் பெண்.' உள்ளே: 'இந்த மக்கள் தம் காடுகளில் இருப்பதே காடுகளுக்கும் அவர்களுக்கும் பாதுகாப்பு.'

நாளைக்கு வழக்கு. அம்மாவுக்கு நான் உள்ளே இருப்பதை வாசித்துக் காட்டவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் நான் அதை முழுதாக வாசித்தேன். அருமையான தீர்மானம். உள்ளூர் மக்களைக் கேட்காமல் இனி எந்தக் காட்டிலும் ஒரு மரத்தைக்கூட அசைக்க முடியாதாம். உள்ளூர் மக்களை அசைப்பதென்றால் யாரைக் கேட்கவேண்டும் என்றுதான் பக்கம் பக்கமாகத் தேடினேன். அது இல்லை. மரங்களைக் கேட்டிருப்பார்கள்.