மாமாவின் மெசினுக்கு நான் மாட்டிய அலாரம்

இன்ஜினியரிங் முடித்த புதிதில் எல்லோருக்கும் ஒரு வியாதி வரும்: ஒழுங்காக ஓடுகிற எதையும் விட்டுவைக்க மனசு வராது. எனக்கு அது முற்றிய நிலையிலேயே வந்தது.

பெருமாநல்லூரில் என் தாய்மாமாவுக்குப் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி. பேரிங் தேய்ந்து மெசின் அதிர்ந்தால் ஃபிட்டர் மாரியப்பண்ணன் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவார். (டிகிரி வாங்கிய எனக்கு இது பொறுக்குமா?) அதிர்வை அளக்கும் அக்சலரோமீட்டர் ஒன்றை மெசினில் ஒட்டினேன். அது அதிர்வுக்கேற்ற வோல்டேஜை ஒரு ஒயரில் அனுப்பும். மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டின் ஏடிசி பின் அதை எண்ணாக மாற்றும். எண் எகிறினால் அலாரம் அடிக்கும். அந்த ஒயரை ஈயத்தால் பற்றவைக்காமல் போர்டின் துளையில் சும்மா செருகியிருந்தேன்.

"சாலிடர் வச்சிரு பாப்பா, கழண்டுரும்" என்றார் தூத்துக்குடிக்காரரான மாரியப்பண்ணன்.

"அதெல்லாம் நிக்குங்ண்ணா." (திமிர். வேறென்ன?)

மறுநாள் காலை அலாரம் அலறியது. எண்கள் தலைகால் தெரியாமல் குதித்தன. சாயங்காலத்துக்குள் துணி சாயப்பட்டறைக்குப் போயாக வேண்டிய நாள் அது. மாமா ஓடி வந்தார்.

"பேரிங் போச்சுங்க மாமா!" என்றேன், பரிசு விழுந்த சேதி சொல்வதுபோல.

"ஏனுங்க மாரியப்பன், நேத்துத்தானுங்க நல்லாருக்குதுன்னு சொன்னீங்க? நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க." (எங்கள் ஊரில் வேலையை விட்டுத் துரத்துவதும் மரியாதையாகத்தான்.)

அண்ணன் நேரே போய் மெசினை நிறுத்தினார். அலாரம் நிற்கவில்லை.

"மெசினே நின்னுட்டு. இது இன்னும் எதுக்குக் கத்துது பாப்பா?"

போர்டைத் திறந்து பார்த்தேன். தினமும் பஞ்சு போக மெசினுக்கு ஏர் பைப்பால் காற்றடிப்பார்கள். அந்தக் காற்றில் என் ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஏடிசி பின் எதிலும் ஒட்டாமல் நின்று, பக்கத்து மோட்டார்களின் கரண்ட் இரைச்சலையெல்லாம் பிடித்து வாய்க்கு வந்த எண்களை உளறிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் செருகிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அண்ணன் டூல் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"மாமா, பேரிங் நல்லாத்தானுங்க இருக்குது. நாந்தான் ஒயர ஒழுங்கா மாட்டலீங்க." அழுதே விட்டேன்.

மாமா அண்ணன் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க மாரியப்பன். மெசினப் போடுங்க."

மெசின் ஓடத் தொடங்கிய சத்தம் காதில் விழுந்ததும்தான், அப்பாடா, எனக்கு மூச்சே வந்தது. துணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாரியப்பண்ணனே அன்று சாலிடர் வைத்துக் கொடுத்தார். அந்த அலாரம் இன்னும் உழைக்கிறது.

அதற்கு நான் கொடுத்த விலை, அதன்பின் யாரையும் நிம்மதியாகத் திட்ட முடிவதில்லை. போன வாரம், காலையிலிருந்து ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று கணவரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்திருந்த மாமா பேப்பரிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்:

"ஒயரப் பாத்தியா கண்ணு?"

பார்த்தேன். என் போன் ஏரோப்ளேன் மோடில் இருந்தது.