டேங்க் மூடியில் மாப்பிள்ளை வைத்த குழாய்

கருவடிக்குப்பம், புதுச்சேரி.
தீபாவளி கழிந்த திங்கட்கிழமை.

பாகூரில் சீரும் சிறப்புமாக வீற்றிருக்கும் சம்பந்தி கண்ணையன் அவர்களுக்கு, சக்கரபாணி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சம்சாரம் அமிர்தவல்லியும், தலை தீபாவளிக்கு வந்திருக்கும் உங்கள் மகன் இனியவனும் என் மகள் சிவசங்கரியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மா கன்னியம்மாளும், நட்டிருக்கும் சம்பாவும், கட்டியிருக்கும் மாடுகளும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று தெய்வத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நலம் விசாரித்தது இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன், ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

போனில் பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். எங்கே நின்று பேசுவது? எங்கள் வீட்டுக் கூடத்தில் தும்மினால் மாடியில் கேட்கும். மாடியில் மாப்பிள்ளை இருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால் உங்கள் போனைத் திறந்து படிப்பது சம்பந்தியம்மா, அவர் படித்த அடுத்த நிமிடம் சிவசங்கரிக்குப் போன் வந்துவிடும். ஆகவேதான் இந்தத் தபால். படித்ததும் மாட்டுக் கொட்டகையில் வைத்துக் கொளுத்திவிடுங்கள்.

என் மோட்டார் சைக்கிளை உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று அதை வாசலில் பார்த்துவிட்டு, "இது இன்னமும் ஓடுதா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை, அது கிடக்கட்டும். குடிநீர்க் குழாய்ப் பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்த காலம் முழுவதும் இந்த ஊரில் எங்கே குழாய் உடைந்தாலும் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய வண்டி அது. ரிட்டயர் ஆன பிறகு, வீட்டில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளாமல் நான் வெளியே தலை காட்ட முடிகிறதென்றால் அதுவும் இந்த வண்டியால்தான். அதற்கு நான் செய்யாத மரியாதை உண்டா? இந்த வருஷ ஆயுத பூஜைக்குக்கூட, கடைச் சந்தனத் தூள் உதிர்ந்துவிடுகிறதே என்று, நேரம்தான் நிறைய இருக்கிறதே என்று, நானே சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்து, கெட்டியாக எடுத்து, ஹெட்லைட்டில் ஒன்று, டேங்க் மூடியின் நட்ட நடுவில் ஒன்று என்று பொட்டு வைத்தேன். பூஜைப் பொட்டை அடுத்த பூஜை வரை துடைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை தோறும் மேலே ஒரு பூச்சு பூசி, குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். அப்படிப் பூஜை பண்ணிய வண்டிக்கு எந்தப் பாவி கண் பட்டதோ, அந்த வாரத்திலிருந்து சீக்கு வந்துவிட்டது.

உதைத்தால் உடனே கிளம்பும். முத்தியால்பேட்டை மார்க்கெட் வரை ராஜா மாதிரி போகும். அதற்கப்புறம் இருமும், விக்கும், குலுக்கும், நடுரோட்டில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டே நின்றால் மறுபடி கிளம்பும். மெக்கானிக் வடிவேல் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், கடைசியில், "வயசாயிடுச்சி சார்" என்றார். வண்டிக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் அஜந்தா சிக்னலில் பச்சை விழுந்த நேரத்தில், பின்னால் அமிர்தவல்லி உட்கார்ந்திருக்க, அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் காதைக் கிழிக்க, வண்டி உயிரை விட்டது. அவள் இறங்கி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆளேற்றும் டெம்போ ஒன்றைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது. "இந்தா பாருங்க, தீவாளி முடியறதுக்குள்ள இது ஒழுங்கா ஓடலன்னா பழைய இரும்புக்காரன இட்டாந்து தூக்கிக் குடுத்துடுவேன். அப்புறம் எங்க போறதா இருந்தாலும் என் கூட டெம்போவுலதான்." சிவசங்கரியும் போனில் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள். இந்த நிலைமையில்தான், சம்பந்தி, உங்கள் மகன் வந்து இறங்கினார்.

வந்தவர் காப்பி குடித்தாரா, காலை நீட்டினாரா என்றால் இல்லை. சேதராப்பட்டுக் கம்பெனியில் இன்ஜினீயர் அல்லவா, சத்தம் கேட்டதும் கை துறுதுறுத்துவிட்டது. வண்டியை உதைக்கச் சொல்லிக் கேட்டார், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், டேங்க் மூடியைத் திறந்தார். உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. "மாமா, டேங்க் மூச்சு விட மாட்டேங்குது. பெட்ரோல் எறங்க எறங்க மேல காத்து உள்ள போவணும். போகலன்னா பெட்ரோல் எறங்காது" என்றார். எனக்கா பாடம்? ஊர் முழுக்கக் குழாயில் காற்று அடைத்தால் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டவன் நான்! பிறகு மூடியையே ரொம்ப நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிவசங்கரியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டு, "ஒரு சின்ன மாடிஃபிகேஷன் பண்ணிடலாம் மாமா" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது சம்பந்தி. ஆனால் தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையிடம் வேண்டாம் என்று சொன்ன மாமனார் இந்த உலகத்தில் உண்டா? நான் வாயைத் திறப்பதற்குள் அமிர்தவல்லி என் இடுப்பில் கிள்ளினாள், இன்னும் தழும்பு இருக்கிறது. மூடியைக் கழற்றி எடுத்து ட்ரில்லை வைத்து ஓட்டை போட்டுவிட்டார். காது குத்துவதென்றாலும் தாய்மாமனைக் கேட்டுத்தான் குத்துவார்கள், என் வண்டிக்குக் கேள்வி முறையே இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், என் சந்தனப் பொட்டின் மேல் ட்ரில் படாமல் ஓரமாகத்தான் போட்டார். அந்த மட்டுக்கும் நல்ல வளர்ப்பு.

ஓட்டையில் செருகக் குழாய் வேண்டுமே? பக்கத்து வீட்டு அன்வருதீன் பாய் மீன் தொட்டி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை கேட்டார், மாப்பிள்ளை கேட்டால் அவரும்தான் என்ன செய்வார், தொட்டிக்குக் காற்று போகும் குழாயைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார். அதை மூடியில் செருகி, பசை போட்டு ஒட்டி, மறுமுனையை ஹேண்டில்பாரில் மேலே பார்த்தபடி கட்டினார். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா சார், வண்டிக்கு டிரிப்ஸ் ஏத்துறாங்களா?" என்றார். சாயங்காலம் பாய் வந்து நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வண்டி மூச்சு வுடறதுக்காக எம் மீனுங்கள்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. புதுக் கொழா வாங்கப் போறேன், கடைக்கு வண்டியில வுடறீங்களா?" கொண்டுபோய் விட்டேன். ஒரு இருமல் இல்லாமல் ஓடியது, அதை மறைக்கவில்லை. ஆனால் கேளுங்கள்.

காற்றுக் குழாயின் வாயை மேலே பார்த்து வைக்கக் கூடாது, கைத்தடி மாதிரி கீழே வளைத்து விட வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே போகும் என்பது எனக்குத் தெரியாதா? இந்த ஊர் மேல்நிலைத் தொட்டிகளில் அப்படி எத்தனை வளைத்து மாட்டியிருக்கிறேன்! கட்டும்போதே பார்த்தேன். சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கையில், படித்த மாப்பிள்ளையை, "இது தப்பு" என்று எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன். ஐப்பசி மழை விழுங்குமா? மறுநாள் கொட்டித் தீர்த்தது. டேங்குக்குள் தண்ணீர் போய், வண்டி கதிர்காமத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றது. நனைந்துகொண்டே தள்ளி வந்தேன். "அய்யய்யோ மாமா, மழைய மறந்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். "பரவால்ல மாப்ள, மழைன்னா பெய்யத்தானே செய்யும்" என்று சொன்னேன். சொன்ன வாயைத் தைக்க வேண்டும்.

பெட்ரோலை வடித்துக் கொட்டிவிட்டு, குழாய் நுனியைக் கீழே இழுத்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டினார். அன்றிலிருந்து என் வேட்டி பெட்ரோல் பங்க் ஆகிவிட்டது. அந்தக் கோலத்தில்தான் மாப்பிள்ளை விருந்துக்குக் கறி வாங்கக் கோட்டக்குப்பம் போனேன். நம் ஊரில் பெட்ரோல் விலை குறைச்சல் என்று பாட்டிலில் பிடித்து எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, டேங்கிலிருந்து குழாய் தொங்குவதைப் பார்த்ததும் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்திவிட்டார். "என்னா பெரியவரே, டேங்குல ஸ்ட்ரா போட்டு எடுத்துட்டு எங்க கௌம்பிட்டீங்க?" இத்தனை வருஷம் கவர்ன்மென்ட் உத்தியோகம் பார்த்த என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! கூனிக் குறுகி, "மாப்ள வச்சதுங்க" என்றேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "மாப்ளயா? ஒண்ணும் சொல்ல முடியாது, போய்ட்டு வாங்க. எங்க வூட்லயும் ஒருத்தரு வந்து டிவிய பிரிச்சிப் போட்டு வச்சிருக்காரு" என்று வழி விட்டார். ஒரு போலீஸ்காரருக்குப் புரிந்த கஷ்டம் என் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

தீபாவளி அன்று தெருவெல்லாம் பட்டாசு. பெட்ரோல் ஆவி விடுகிற வண்டியை வாசலில் நிறுத்த முடியுமா? கூடத்துக்குள் தள்ளினோம். அப்புறம் பூஜை விளக்கை ஏற்ற முடியவில்லை. விளக்கைத் தூக்கி மாடியில் வைத்து, சாமிப் படத்தையும் மாடிக்குக் கொண்டுபோய், தலை தீபாவளியை மொட்டை மாடியில் தூறலில் குடை பிடித்துக்கொண்டு கொண்டாடினோம். அதிரசத்தில் பெட்ரோல் வாசம். லேகியத்தில் பெட்ரோல் வாசம். உங்கள் மகன் இரண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சூப்பர் அத்தை" என்கிறார். அமிர்தவல்லியோ மூக்கே இல்லாதவள் போல, "மாப்ள கை வச்சதுக்கு அப்புறம்தான் வண்டி ஓடுது, இரும்புக்கு வேணாம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு வயிறு எரிகிறது சம்பந்தி! வண்டி ஓடுகிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அது பூஜையின் பலன். சீக்கு தானாக வந்தது, தானாகப் போய்விட்டது. நடுவில் இந்த மீன் தொட்டிக் குழாய் பெயரைத் தட்டிக்கொண்டு போவதா?

இப்போது அவர் கண் என் தண்ணீர் மோட்டார் மேல் விழுந்திருக்கிறது. காலையில், "இது ஏன் மாமா இப்படி சத்தம் போடுது?" என்று கேட்டார். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. ஆகையால் தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது, மாடு கன்று போட்டது என்றோ, வரப்பு உடைந்தது என்றோ ஒரு பொய்யைச் சொல்லி உங்கள் பிள்ளையை உடனே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் இன்றே குழாயைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையையும் பசையால் அடைத்துவிட்டு, முத்தியால்பேட்டை தபாலாபீசுக்கு வண்டியிலேயே போய் இதைப் போடப் போகிறேன். குழாய் இல்லாமல் ஓடுகிறது என்பதற்கு இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வந்து சேர்வதே சாட்சி.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பயிர் நல்லபடியாக விளைந்து, பத்தாயம் நிறைந்து, நம் பிள்ளைகள் இருவரும் குலம் தழைக்க வாழ வேண்டும். வாழட்டும், ஆனால் பாகூரில் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் மனவேதனையும் மிக்க,
சக்கரபாணி.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். குழாயைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்துவிட்டுக் கிளம்பினேன். மார்க்கெட்டைத் தாண்டியதும் இருமியது, விக்கியது, நின்றது. மூடியைத் திறந்தேன், உஸ் என்றது. கழற்றிக் கையில் எடுத்து முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். மூடியின் நட்ட நடுவில் கம்பெனிக்காரனே காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை விட்டிருக்கிறான். அதன் மேல்தான், சம்பந்தி, நான் வெள்ளிக்கிழமை தோறும் பூசிய சந்தனம் சிமெண்ட் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஒருத்தரும் பார்க்காமல் ஊசியை எடுத்துக் குத்திக்கொண்டிருந்தேன். சிவசங்கரி பின்னால் வந்து நின்றாள். "அவரு மொத நாளே பாத்துட்டாருப்பா. 'மாமா கையால வச்ச சாமி சந்தனம், அதனாலதான் வண்டி நிக்குதுன்னு அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது'ன்னுதான் வேற வழி போட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கிக்கிட்டாரு" என்றாள்.

சந்தனத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டேன், வண்டி இப்போது குழாய் இல்லாமலேயே பாகூர் வரை வரும். ஆனாலும் அடைத்த ஓட்டையை மறுபடி திறந்து, அவர் மதியத் தூக்கம் கலைந்து எழுந்து வருவதற்குள் மீன் தொட்டிக் குழாயைப் பழையபடி மாட்டிவிட்டேன். நுனியை மட்டும் கைத்தடி மாதிரி வளைத்திருக்கிறேன், அதை அவர் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறார். யாராவது கேட்டால், மாப்பிள்ளை வைத்தது, அதனால்தான் ஓடுகிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். மாடு கன்று போட வேண்டாம், வரப்பும் உடைய வேண்டாம். இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும், அந்த மோட்டாரையும் ஒரு கை பார்க்கட்டும்.