அக்கா மகளின் மூன்றாவது உரிமை

யெர்மெக்கின் கம்ப்யூட்டர் அன்றும் பாதி வேலையில் அணைந்தது. புதுப் பாலர் பள்ளியின் கட்டட வரைபடத்தைத் திங்கட்கிழமை காலைக்குள் கொடுக்காவிட்டால், அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அன்று வியாழன்.

"பேசாம கௌஹரைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி ஜிபெக்.

கௌஹர் அவனுடைய அக்கா மகள். கரகண்டா சந்தையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள்.

"அவ மட்டும் வேணாம்."

காரணம் இருந்தது. அவர்கள் ஊர் வழக்கப்படி, அக்கா பிள்ளை தாய்மாமன் வீட்டில் மூன்று முறை எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது. கௌஹர் ஏழு வயதில் அவன் பைனாகுலரைக் கேட்டு வாங்கினாள். தன் கல்யாணத்தன்று அவன் காரைக் கேட்டாள். அன்றிலிருந்து யெர்மெக் பஸ்ஸில் போகிறான். இன்னும் ஒன்று பாக்கி. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அதையே கேட்டால் அவன் எங்கே போவான்?

ஆகவே சிக்கனமாகத் தானே பாகங்களைப் பொறுக்கி வாங்கினான். ஆபீஸ் நண்பன் தொலெகெனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அடித்துச் சொல்வான். ராம் மெமரி போதவில்லை என்று அடித்துச் சொன்னான்.

சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்து வைத்து ராம் போட்டதும் அருமையாக ஓடியது. அதன் பழைய இடமான மூலைக்குத் தூக்கிப் போனான். ஜிபெக் அதன்மேல் வழக்கமான வெல்வெட் உறையை மறுபடி மாட்டினாள். அவள் அம்மா தன் கையால் கடாக்கொம்புக் கோலம் தைத்துக் கொடுத்தது. பொத்தானுக்கு மட்டும் ஒரு ஓட்டை. இருபது நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது.

"மின்சாரம் பத்தல" என்றான் தொலெகென். வெள்ளிக்கிழமை பெரிய பவர் சப்ளை வந்தது. மேசையில் ஓடியது, மூலைக்குப் போனதும் அணைந்தது. அந்த மூலையே ராசியில்லை என்று யெர்மெக் கம்ப்யூட்டரைப் படுக்கையறைக்கு மாற்றினான். உறையும் கூடவே போனது. அங்கேயும் அணைந்தது.

சனிக்கிழமை, கிராபிக்ஸ் கார்டு. மலிவு என்று யாரோ பயன்படுத்தியதை வாங்கினான். அது நீளமாக இருந்ததால் பெட்டியின் பக்கத் தகடை மூட முடியவில்லை. தூசி போகுமே என்று ஜிபெக் உறையை இரண்டாக மடித்துப் போர்த்தினாள். இந்த முறை ஏழே நிமிடம். யெர்மெக்குக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் அவன் கூப்பிட, ஞாயிறு காலை கௌஹர் வந்தாள். தேநீர் குடித்தாள், எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி தின்றாள், கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, இந்த உறையைக் கழட்டி வெச்சிடலாமா?"

"எங்கம்மா கண்ணு போற வயசுல தைச்சது. அது இருக்கிற இடத்துல இருக்கட்டும்." ஜிபெக்கின் குரலில் மேற்கொண்டு பேச இடமில்லை.

கௌஹர் மாமனைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு பாக்கி இருக்குல்ல மாமா?"

யெர்மெக் தன்னையறியாமல் கம்ப்யூட்டருக்குக் குறுக்கே போய் நின்றான். வரைபடம், வேலை, மூன்று நாள் அலைச்சல், எல்லாம் கண்முன் வந்து போயின.

"இருக்கும்மா" என்றான்.

"அந்த உறையைக் குடுங்க."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜிபெக்கின் முகம் சுருங்கியது. ஆனால் அக்கா மகள் கேட்டுவிட்டாள், மறுக்க வழியில்லை. கௌஹர் மனம் மாறுவதற்குள் யெர்மெக்கே உறையை உருவி, மடித்து, பையில் போட்டுக் கொடுத்தான். வெறும் துணியோடு போயிற்றே என்ற சந்தோஷத்தில் வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

கௌஹர் பூட்ஸை மாட்டிக்கொண்டே உள்ளே ஜிபெக்குக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"வாங்கினதையெல்லாம் கடையில திருப்பிக் குடுத்துடுங்க மாமா. அது போர்வைக்குள்ள வெந்துதான் அணைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இதுக்குப் போய் என் கடைசி உரிமையைச் செலவழிக்க வெச்சுட்டீங்களே."