ஒரு சொட்டும் நனையாத கால்வாய்

எங்கள் கால்வாயில் முதல் படகு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பதினோரு மைல் ஓடியது. உலகத்தில் வேறு எந்தக் கால்வாய்க்கும் இந்தப் பெருமை கிடையாது. வெனிஸ்காரர்கள்கூட இன்னும் தண்ணீரை நம்பித்தான் காலம் தள்ளுகிறார்கள். மதகு காவலராக இருந்து ஓய்வுபெற்ற நான் சொல்கிறேன்: என் ஐந்தாம் எண் மதகில் ஒருநாளும் பாசி படிந்ததில்லை.

இந்தியானா மாநிலம் முழுக்க "முன்னேற்றம்" பரவியிருந்த காலம். எங்கள் ஊர் மாவும் உப்புக்கறியும் ஓஹையோ நதியில் நிற்கும் நீராவிப் படகைப் போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான் கால்வாய். தோண்டியதும் அடியில் களிமண் கொட்டி, மாடு விட்டு மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் பூமியில் தண்ணீர் நிற்காது. கால்வாய்க் கழகத் தலைவர் கர்னல் கிரம்லி மூன்று கூட்டங்கள் கூட்டினார். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் களிமண்ணை எவரும் பார்க்கப் போவதில்லை என்பதால் அதை "ஒத்திவைக்க" ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டோம். பொழுது சாய்வதற்குள் பூமி குடித்து முடித்தது. கரையில் வளை தோண்டியதாக நீரெலிகளைக் கண்டித்து இன்னொரு தீர்மானம் போட்டோம்.

சிக்கல் ஒன்றுதான். ஜூலை நாலாம் தேதிக்குள் ஒரு படகாவது கால்வாய் வழியே நதியை அடைய வேண்டும். இல்லாவிட்டால் கால்வாய்க்காக எடுத்த நிலமெல்லாம் உரியவருக்கே திரும்பிவிடும் என்பது சட்டம். கால்வாய் சரிபாதியாகப் பிளந்திருந்தது ஜோனதாப் மால்ஸ்பியின் மேய்ச்சல் நிலத்தை. அவர் குவேக்கர் சபை. அந்தச் சபைக்காரர்கள் யாருக்கும் தொப்பி கழற்றமாட்டார்கள், ஆளுநரையே "நீ" என்பார்கள், உயிர் போனாலும் பொய் சொல்லமாட்டார்கள். முன்னேற்றத்துக்கு இப்படியும் சில இடைஞ்சல்கள்.

"படகு வராது, நண்பா," என்றார் ஜோனதாப், கர்னலிடம். "அஞ்சாம் தேதி காலையில என் வேலியைத் திரும்பப் போட்டுக்கிறேன்."

"நாட்டோட எதிர்காலத்துக்குக் குறுக்கே வேலி போடுறீங்க, மிஸ்டர் மால்ஸ்பி."

"என் புல்லுக்குக் குறுக்கே நீ பள்ளம் போட்டியே."

கர்னல் சட்டத்தை மறுபடி படித்தார். அதில் "படகு" பதினாலு இடத்தில் வருகிறது; "தண்ணீர்" ஓரிடத்திலும் இல்லை. இயற்றிய பெரியவர்களின் தொலைநோக்கை என்னென்பது.

நாலாம் தேதி படகுக்கு அடியில் உருளைக் கட்டைகள் கொடுத்தோம். மேல்தளத்தில் மாவுப் பீப்பாய்கள், இருபது கனவான்கள், வாத்தியக் குழு, ஒரு பீப்பாய் விஸ்கி. அன்று கால்வாயில் ஈரமாக இருந்தது அது ஒன்றுதான். கோவேறு கழுதைகள் நாலு மைல் இழுத்தன. கால்வாய் படிபோலத் தாழும் மதகுகளில் பலகை சாய்த்து இறக்கினோம். என் மதகைத் தாண்டியதும் படகு மணலில் புதைந்தது.

கர்னல் என் காதருகே குனிந்தார். "எபன், ஜோனதாப்கிட்ட ஓடு. ஒருத்தர் மணல்ல மாட்டிக்கிட்டாருன்னு மட்டும் சொல்லு. யாருன்னு சொல்லாதே."

"கேட்டாருன்னா?"

"கேக்கமாட்டாரு. முதல்ல கை கொடுக்கணும், அப்புறம்தான் பேரு கேக்கணும்னு அவங்க வழக்கம்."

கேட்கவில்லை. ஆறு எருதுகளோடு வந்தார். படகைப் பார்த்தார், கர்னலைப் பார்த்தார், தொப்பியை இன்னும் அழுத்திக்கொண்டார்.

"கெட்டிக்காரன்தான் நீ. மாட்டிக்கிட்டது நிஜந்தானே?"

"நிஜந்தாங்க," என்றார் கர்னல்.

"அப்ப கயித்தைக் குடு."

நதிவரை அதே மணல். பாதியில் விட்டுப்போவது ஜோனதாபுக்குத் தெரியாது. பொழுது இறங்கும் நேரத்தில் நதியை எட்டினோம். நீராவிப் படகு மணியடித்தது. அதன் ஆட்கள் மாவுப் பீப்பாய்களைத் தூசி தட்டி ஏற்றினார்கள்.

மாநிலப் பரிசோதகர் காகிதத்தை விரித்தார். கழகத்து ஆட்களின் பேச்சு செல்லாது. நிலம் இழந்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அப்படி அங்கே இருந்தது ஜோனதாப் மட்டும். "இல்லை" என்று ஒரு சொல் சொன்னால் நாற்பது ஏக்கர் அவருடையது. கர்னலின் நெற்றியில் கால்வாய்க்கே போதுமான நீர் ஓடியது.

"கால்வாய் வழியா படகு நதிக்கு வந்துச்சா, மிஸ்டர் மால்ஸ்பி?"

ஜோனதாப் எருதுகளின் நுகத்தை அவிழ்த்து முடித்தார்.

"வந்துச்சு," என்றார். "என் கண்ணால பார்த்தேன், எழுதிக்கோ." பிறகு கர்னல் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு, நண்பா. தரையிலதான் இழுக்கப் போறேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, பக்கத்துலயே நல்ல ரோடு இருந்துச்சே. என் நிலத்தை எதுக்கு வெட்டினே?"