பக்கம் 412-இல் போட்டிருந்த சரக்கு

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அக்கா, பிள்ளைகள் எல்லோரும் சுகம். கிடங்கில் வண்டுகளும் சுகம். பெண்டு பிள்ளைகளோடு நாளொரு மேனியாக விருத்தியாகி, ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன. அங்கே நீங்களும் வீட்டாரும், நீங்கள் கட்டிக் காக்கும் பல்கலைக்கழகமும் சுகமாகவே இருப்பீர்கள். உங்களுக்கென்ன கேடு. மரியாதையாக எழுத வேண்டுமென்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இது மூன்றாவது தாள். இதில் மரியாதை எத்தனை வரி தாங்கும் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் வந்திருந்தபோது ஒரு தடிப் புத்தகம் கொடுத்தீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷத்தில் நடந்த ஆராய்ச்சிகளின் பட்டியல், அறுநூற்று நாற்பது பக்கம், உங்கள் அலுவலகத்தில் நீங்களே உட்கார்ந்து தொகுத்தது. "வானத்துக்குக் கீழே எங்க ஆளுங்க ஆராய்ச்சி பண்ணாத பொருளே கிடையாது அத்தான். வானத்தையும் விட்டு வைக்கல" என்று சொல்லிக் கொடுத்தீர்கள். நான் வியாபாரி. பட்டியல் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் சரக்குப் பட்டியலாகத்தான் படிப்பேன். என் கடைப் பட்டியலில் கொண்டைக்கடலை என்று போட்டிருந்தால் கிடங்கில் கொண்டைக்கடலை இருக்கும். இல்லாத சரக்கை நான் எழுதி வைப்பதில்லை. அந்தப் புத்தி எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு. ஆழ்கடலில் செத்த மீனின் எலும்பைத் தின்னும் புழு, பாலங்களுக்கு ஏன் வியர்க்கிறது, எறும்புகள் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது, வயதானவர்களுக்கு ஏன் விடியற்காலையில் தூக்கம் கலைகிறது என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனால், பக்கம் 412-இல் கொட்டை எழுத்தில் இருந்தது: சேமித்த பயறில் வண்டு, நஞ்சில்லாமல் ஒழிக்கும் முறைகள்.

எனக்கு அப்போது அது எப்பேர்ப்பட்ட வரி என்று உங்களுக்கே தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்துக்குப் பயறு கொடுக்கும் பொறுப்பு, எட்டு வருஷம் வாசலில் நின்று, இந்த வருஷம்தான் என் கைக்கு வந்திருக்கிறது. நோயாளி சாப்பிடுவது என்பதால் மருந்தடித்த பயறு கூடாது என்பது முதல் நிபந்தனை. கிடங்கில் ஒரு வண்டு கண்ணில் பட்டாலும் ஒப்பந்தம் ரத்து என்பது இரண்டாவது. வருகிற வியாழக்கிழமை பரிசோதகர் அம்மாள் வருகிறார். அவர் தலையசைத்தால் வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு நான்தான். உதட்டைப் பிதுக்கினால் எதிர்க்கடைக்காரன். இந்த நேரம் பார்த்துத்தான் மூட்டைகளின் மேல் வண்டு ஊர்கிறது என்று மேஸ்திரி வந்து சொன்னார். ஒரு படிப் பயறைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, உங்கள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தேன்.

அது பல்கலைக்கழகமா, தனி ஊரா? உள்ளேயே பஸ் ஓடுகிறது. விசாரணைச் சன்னலில் இருந்த அம்மாள் எந்தத் துறை என்று கேட்டார், வண்டு என்றேன், "வண்டுல எந்தப் பக்கம்?" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பூச்சித் துறைப் பேராசிரியர் என் பயறிலிருந்து ஒரு வண்டை எடுத்து, கருவிக்கு அடியில் வைத்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி முன்னும் பின்னும் பார்த்து, முகமெல்லாம் பூரித்து, "அருமையான உருப்படி" என்றார். பூரிக்காதீங்க ஐயா, ஒழிக்க வழி சொல்லுங்க என்றேன். அவர் இருபத்திரண்டு வருஷமாக அதன் மீசையைத்தான் ஆராய்கிறாராம், வயிறு கீழ்மாடியாம். கீழ்மாடிக்குப் போனால் வயிற்றுக்காரர் வெளிநாடு போயிருக்கிறார், வயிறு பற்றிப் பேச. அங்கிருந்து கணக்குத் துறைக்கு அனுப்பினார்கள். அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டே கேள்வி கேட்டார், கரும்பலகை நிறைய எழுதினார், இத்தனாம் தேதிக்கு இத்தனை வண்டு என்று மணி மணியாகச் சொன்னார். நிறுத்த வழி என்ன என்றேன். "நிறுத்திட்டா கணக்கு மாறிடுமே" என்றார். ஒலி ஆராய்ச்சிக்கூடத்தில் என் பயறுக்குள் ஊசி மாதிரி ஒன்றைச் சொருகி, என் காதில் ஒரு குழாயை மாட்டினார்கள். கறுக், கறுக் என்று ஒரு சத்தம். "கேட்குதா, உங்க பயறைத்தான் தின்னுது" என்று சந்தோஷமாகச் சொன்னான் அந்த மனிதன். முப்பது வருஷம் மூட்டை சுமந்து, வண்டி தள்ளி, ஒரு கடை பிடித்து, அதைக் கிடங்காக்கினவன் நான். என் சரக்கைத் தின்னும் சத்தத்தை எனக்கே போட்டுக் காட்டுவதற்கு ஒரு கூடம், அதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரு காவலாளி.

இதற்குமேல் எனக்கு "நீங்கள்" போட்டு எழுத வரவில்லை மாப்பிள்ளை, மன்னித்துக்கொள். வேதியியலில் வண்டுக்குப் பிடிக்காத வாசனை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். ஒரு சிமிழில் ஒரு துளி இருக்கிறது, அதைச் சுத்தம் செய்ய இன்னும் இரண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் மோந்து பார்க்கக்கூட முடியாது என்றார்கள். அதற்குள் நான் மோந்து பார்க்க எதுவும் மிஞ்சாது என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். கொஞ்சம் என்றால், மூன்று கதவு திறந்தது. அதில் ஒன்றிலிருந்து ஒருவர் ஓடி வந்து, மிகவும் பணிவாக என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு தாளை நீட்டினார். அட, இந்த இடத்திலும் ஒரு மனுஷன் இருக்கிறானே என்று வாங்கிப் பார்த்தால், அவர் மனித கோபத்தை ஆராய்கிறாராம். "இப்ப உங்க கோபம் ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் எவ்வளவுன்னு ஒரு வட்டம் போடுங்க சார்" என்றார். போட்டேன். பேனா முனை உடைந்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

எல்லாம் தெரிந்திருக்கிறது உங்கள் ஆட்களுக்கு. அதுதான் என் வயிற்றெரிச்சல். முட்டாள்கள் என்றால் தலையில் அடித்துக்கொண்டு வந்திருப்பேன். வண்டின் மீசை தெரியும், வயிறு தெரியும், அது தின்னும் சத்தம் தெரியும், அதற்குப் பிடிக்காத மணம் தெரியும், அதன் பேரன் எந்தத் தேதியில் பிறப்பான் என்று தெரியும். முழு வண்டை ஒருத்தருக்கும் தெரியாது. என் கடையில் ஒருவன் மூட்டையின் வாயை மட்டும் தைப்பேன், அடியைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன்.

சரி, நடந்தது இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. சாயங்காலம் களைத்துப் போய் உன் அலுவலகத்துக்கு வந்தேன். நீ ஏதோ கூட்டத்தில் இருந்தாய். உன் ஆள் ஒரு காகிதம் நீட்டினார்: பக்கம் 412-க்கு உரிய ஆராய்ச்சி மாணவி நேரில் வந்து கிடங்கைப் பார்ப்பார், நாற்பது நாளைக்குச் சம்மதம், நடுவில் குறுக்கிடக் கூடாது. எந்தக் காகிதத்தையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். கீழே உன் முத்திரை இருந்தது. மைத்துனன் முத்திரையாயிற்றே என்று ஒரே முறை படித்துவிட்டுப் போட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான்.

அந்தப் பெண் மறுநாளே வந்தாள். நல்ல பெண்தான், மரியாதை தெரிந்தவள், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். நான் வெளியூரில் கொள்முதலுக்குப் போய்விட்டேன். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து கிடங்கில் என் மேசை முன்னால் உட்கார்ந்தால், தாளின் மேல் ஒரு வண்டு ஊர்ந்து போகிறது. அதன் முதுகில் மஞ்சளாக ஒரு பொட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். பின்னாலேயே இன்னொன்று, அதற்கும் பொட்டு. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தப் பொண்ணு புடிச்சுது முதலாளி. புடிச்சு, மயிரிழையால ஒவ்வொண்ணுக்கும் வண்ணம் வச்சு, எங்க புடிச்சுதோ அங்கேயே திரும்ப விட்டுடுச்சு" என்றார். திரும்ப விட்டுவிட்டது. மாப்பிள்ளை, இந்த இரண்டு வார்த்தையை நீ ஒரு தடவை சத்தமாக வாசி. பிடிபட்ட வண்டை, கையில் இருந்த வண்டை, பொட்டு வைத்து அலங்காரம் பண்ணி, என் பயறிலேயே குடியேற்றியிருக்கிறாள். மேசைப் பக்கம் பிடித்ததற்கு மஞ்சள், வாசல் பக்கத்துக்குச் சிவப்பு, ஆஸ்பத்திரி மூட்டை அடுக்குக்கு நீலம். எது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமாம், அதனால் பொட்டு வைத்ததைக் கொல்லக் கூடாதாம். சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். சுமைக்காரர்கள் பதினோரு பேரும் இப்போது வண்டைக் கண்டால் முதலில் குனிந்து முதுகைப் பார்க்கிறார்கள். பொட்டு இருந்தால் வழி விடுகிறார்கள். எனக்கு விட்டதில்லை அப்படி வழி.

எதிர்க்கடைக்காரன் சும்மா இருப்பானா. நேற்று கடை வாசலில் நின்று தெருவே கேட்கும்படி, "என்ன முதலாளி, உங்க வண்டுக்கெல்லாம் சீருடை போட்டாச்சாமே. பள்ளிக்கூடம் எப்ப திறப்பு?" என்றான். பட்டப்பகலில் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே போனேன். நான் அப்படிச் செய்தது இந்தத் தெருவில் இதுவே முதல் தடவை. வியாழக்கிழமை பரிசோதகர் அம்மாள் வந்து, வண்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக எந்த நிறத்தில் இருக்கிறது என்றா பார்ப்பார்? எட்டு வருஷம் காத்திருந்தது போகும். அதை நம்பிப் புதிதாகச் சேர்த்த நாலு சுமைக்காரர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவேன்?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கடிதம் கண்ட கையோடு அந்தச் சம்மதக் காகிதத்தை ரத்து செய்து, உன் முத்திரையைக் குத்தி அனுப்பு. அந்தப் பெண், அவள் கண்ணாடிக் குப்பிகள், சுவர்த் தாள் எல்லாவற்றையும் திரும்ப அழைத்துக்கொள். உன் புத்தகத்தைத் தராசுப் பக்கம் வைத்திருக்கிறேன், காற்றில் தாள் பறக்காமல் இருக்க நன்றாக உதவுகிறது. அறுநூற்று நாற்பது பக்கத்தில் எனக்கு விளங்கிய ஒரே பயன் அதுதான்.

கோபம் உன் ஆபீஸோடு, வீட்டோடு இல்லை. தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நோய் நொடியில்லாமல், நன்றாகப் படித்து, படித்ததை முழுசாகப் படித்து, பெரிய ஆளாக வர என் ஆசி.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் திங்கள் ராத்திரி எழுதினேன். இன்று செவ்வாய். தபாலில் போடக் கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு வரைபடத்தோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரி மூட்டைகளில் அறுபதைப் பிரித்துப் பார்த்தாளாம், உள்ளே ஒரு வண்டு இல்லை, ஒரு முட்டை இல்லை. மேலே ஊர்ந்ததில் பத்துக்கு ஒன்பது மஞ்சள் பொட்டு. "எல்லாம் உங்க மேசையிலேருந்துதான் சார் கிளம்புது" என்றாள். வாய்க்கு வந்தபடி திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் மேசையின் கீழ் இழுப்பறையை இழுத்தாள். தொழில் தொடங்கிய நாள் முதல் வாங்கிய ஒவ்வொரு நல்ல சரக்கிலும் ஒரு பிடி அதில் மாதிரிக்குப் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய், புதுச் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூட்டை மேலேயே போட்டுவிட்டு வருவது என் வழக்கம். உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் துணிப்பையில் கொண்டுவந்த ஒரு படிப் பயறும் அதிலிருந்து அள்ளியதுதான். இழுப்பறை உயிரோடு நெளிந்தது. நானே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டேன். மூட்டைகளின் மேலெல்லாம் பெருக்கியாயிற்று. அந்தப் பெண் வியாழக்கிழமை வரைக்கும் மட்டுமல்ல, நாற்பது நாளும் இருக்கட்டும். பரிசோதகர் அம்மாளிடம் வரைபடத்தை அவளே காட்டி விளக்கட்டும். காகிதத்தை ரத்து செய்துவிடாதே.

இன்னொன்று. அந்த இழுப்பறையைக் காலி பண்ணச் சொல்லி உன் அக்கா பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்டால், இது முழுக்க முழுக்க உங்கள் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது, அதற்கு முன்னால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்று நீ அடித்துச் சொல்ல வேண்டும். முடிந்தால் அடுத்த வருஷப் புத்தகத்திலும் போட்டுவிடு.